பனை தாங்கும் என்கிற பொய்

"பனைக்கு என்னங்க ஆகப்போகுது, அது எதையும் தாங்கும்." தமிழ்நாட்டில் யாரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். ஏரிக்கரையில் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போகிற லாரிக்காரர் சொல்வார். பனை விதை நடும் விழாவில் மைக் பிடிக்கிற பிரமுகர் சொல்வார். பனையைப் பற்றிக் கவிதை எழுதுகிற நம்மாட்களும் சொல்வார்கள். மூன்று பேரின் நோக்கமும் வேறு வேறு. விளைவு மட்டும் ஒன்றுதான். தாங்கும் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் குனிந்து எதையும் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டில் அம்மாக்களைப் பற்றியும் நாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். "அவ எல்லாத்தையும் தாங்குவா." பெண்கள் எழுத வந்த பிறகுதான் அந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று நமக்கு உறைத்தது. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். செய்வதென்னவோ ஒருத்தியின் வலியைக் கணக்கிலிருந்து கழிப்பது. பனைக்கும் அதே கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரை கன உலோகங்களைப் பற்றியது. காரீயம், காட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு, பாதரசம். பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நிற்கிற பனைகளின் வேரில் இவை என்ன செய்யும், அதை ஏன் நாம் கேட்பதே இல்லை என்பதைப் பற்றியது. பனை செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் கூவப்போவதில்லை. அது அதைவிட மோசமான விஷயம். பனை நிற்கிறது, அது நிற்பதையே நற்சான்றிதழாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

1. ஒரு ரயில் பாதையின் பெயர்கள்

கடற்கரை - செங்கல்பட்டு புறநகர் ரயிலில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டே வாருங்கள். பல்லாவரத்துக்கு அடுத்து குரோம்பேட்டை. ஒரு உலோகத்தின் பெயரைச் சுமக்கிற ஊர். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்கிற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோமிய உப்பால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாகப் பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் கடைசியில் ஊருக்கே ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பெருகின. கழிவு நீரும் பெருகியது.

அந்தப் பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் வாழ்ந்தார். வேதாசலம் என்கிற தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவர், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர், 1950இல் மறைந்தவர். சொல்லில் கலப்பு கூடாது என்று அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், பக்கத்து மண்ணில் வேறொரு கலப்பு நடந்துகொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மண்ணில் குரோமியம் கலப்பதைப் பற்றி அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் பெயரை 1980களில் ஒரு புதுநகருக்கு வைத்தோமே, அந்த நகரில் வாழும் நமக்குத் தெரியும். தெரிந்தும் மொழிக்குக் காட்டுகிற பதற்றத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட மண்ணுக்கு நாம் காட்டுவதில்லை. ஒரு விளம்பரப் பலகையில் ஒற்று விட்டுப்போனால் முகநூலில் போர் நடக்கும். ஏரி மதகில் எண்ணெய் படலம் மிதந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவோம்.

மறைமலை நகர் திட்டமிட்டுக் கட்டிய ஊர். குடியிருப்பும் தொழிற்பேட்டையும் சேர்ந்தே வரைபடத்தில் வந்தவை. 1990களின் நடுவில் ஃபோர்டு வந்தது. அதைச் சுற்றி உதிரிபாகத் தொழில்கள் வளர்ந்தன. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது இந்த ஊரே அழுதது. நியாயமான அழுகை. அத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்ட வேலை அது.

எந்தத் தொழிற்சாலையையும் நான் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உலோகத்தை வெட்டி, கடைந்து, முலாம் பூசி, வண்ணம் அடிக்கிற எந்த ஊரிலும் குரோமியம், நிக்கல், துத்தநாகம் புழங்கும். புழங்குகிற பொருள் கொஞ்சமாவது வெளியே வரும், சட்டப்படியோ திருட்டுத்தனமாகவோ. பழைய பேட்டரியை உடைக்கிற சந்து, பெயின்ட் டப்பா கழுவிய சாக்கடை, எல்லாம் இந்தக் கணக்கில் உண்டு. இதோடு சாலை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு வரை பெட்ரோலில் காரீயம் கலந்து விற்றார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனை பத்தாண்டுகள் வண்டி ஓடியிருக்கிறது? அந்தப் புகையில் வந்த காரீயம் எங்கே போயிருக்கும்? பிளாஸ்டிக்காவது பல நூறு ஆண்டுகளில் சிதையும் என்கிறார்கள். காரீயம் ஒரு தனிமம். அது சிதைந்து இன்னொன்றாக ஆகாது. மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

2. வேப்பமரத்துக்கு இருப்பது பனைக்கு இல்லை

சரி, பனைக்கு வருவோம். "தாங்கும்" என்று சொல்கிறவர்கள் பனையை ஒரு மரம் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். தொல்காப்பியக் காலத்திலிருந்தே புல்லினத்தில் வைத்த பயிர் அது. தாவரவியலும் அதையே சொல்கிறது: ஒருவித்திலைத் தாவரம். இந்த வேறுபாடு வெறும் வகைப்பாட்டுச் சண்டை கிடையாது. நஞ்சு விஷயத்தில் உயிர்நிலையே இங்குதான் இருக்கிறது.

வேப்பமரத்தின் பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்கிற வளர்திசு இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய மரத்தை உண்டாக்கும். உள்ளே போகப் போக பழைய மரம் செத்து வைரமாக இறுகிவிடும். வேண்டாததை அந்தச் செத்த பகுதியில் ஒதுக்கிவைக்கலாம். ஒரு கிளை பட்டுப்போனால் இன்னொரு கிளை தழைக்கும். வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி மரம் தானே சுவர் எழுப்பிக்கொள்ளும்.

பனைக்கும் தென்னைக்கும் இதில் எதுவும் கிடையாது. கேம்பியம் இல்லை. ஆண்டு வளையம் இல்லை. கிளை இல்லை. ஒரே ஒரு குருத்து. அது அழுகினால் கதை முடிந்தது. தண்டின் உள்ளே இருக்கும் உயிரணுக்கள் பெரும்பாலும் மரத்தின் ஆயுள் முழுக்க உயிரோடு இருப்பவை. அறுபது வயதுப் பனையின் தூரில் அறுபது வயது அணுக்கள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றிப் புதிதாக வைத்துக்கொள்ள வழியில்லை. உள்ளே வந்ததோடு வாழ்ந்தாக வேண்டும்.

வேரைப் பாருங்கள். ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஒரே கனத்தில் ஆயிரக்கணக்கில் கிளம்பும் வேர்கள். நடுவயதுத் தென்னை ஒன்றுக்கு 4,000 முதல் 7,000 வேர்கள் வரை இருக்கும் என்று தென்னை பற்றிய நம்மூர் நூல்கள் சொல்கின்றன. ஒவ்வொரு வேரும் நுனியில்தான் குடிக்கிறது. கன உலோகம் முதலில் தாக்குவது அந்த நுனியைத்தான். வேர் நீள்வது குறையும், கருகும், தடிக்கும்.

உள்ளே எப்படி நுழைகிறது என்பது இன்னும் சுவாரசியம். தாவரத்துக்குக் காட்மியத்துக்கென்று தனி வாசல் கிடையாது. துத்தநாகமும் இரும்பும் நுழைகிற வாசலில் காட்மியம் வேஷம் போட்டு வருகிறது. கந்தகம் சல்பேட்டாக நுழைகிற வழியில் குரோமேட் வரும். பாஸ்பேட் வழியில் ஆர்சனிக் வரும். காரீயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், மேலே ஏறுவது குறைவு. நிக்கலும் செம்பும் அளவு மீறினால் இரும்பு கிடைப்பதைக் கெடுத்து இளம் ஓலையை வெளிற வைக்கும். மரம் பட்டினி கிடக்கும், சுற்றிலும் உரம் இருந்தாலும்.

வெளியே தெரிவது என்ன? கொண்டை சிறுக்கும். ஓலை எண்ணிக்கை குறையும். புது ஓலை மஞ்சளடிக்கும். தண்டு ஒரு இடத்தில் இடுப்பு போல ஒடுங்கும். பனை தன் கெட்ட காலங்களை இப்படித்தான் உடம்பில் எழுதிவைக்கிறது. கேம்பியம் இல்லாததால் ஒடுங்கிய இடம் பின்னால் பருக்காது, அந்த வரி அழியாது. ஆனால் தேதி போடாமல் எழுதுகிறது. ஆண்டு வளையம் இருந்தால் எந்த ஆண்டில் எந்த நஞ்சு வந்தது என்று மரத்தைத் துளைத்துப் படித்துவிடலாம். பனையில் அந்த வசதி இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த அறிகுறிகள் எல்லாமே வறட்சியிலும் வரும், சாம்பல்சத்துக் குறைவிலும் வரும், மாங்கனீசுக் குறைவிலும் வரும். பலவீனமான மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். கடைசியில் மரம் விழும்போது "வண்டு அடிச்சிருச்சு" என்று எழுதி கோப்பை மூடலாம். பெரிய பனை ஒன்றைக் கன உலோகம் மட்டுமே தனியாகக் கொல்வது அரிது. அது கொலைகாரனுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஆள்.

3. தாங்குவதன் விலை

"அப்ப தாங்குதுல்ல? செத்துப்போகலையே!" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருக்கிற கோபமே இந்தக் கேள்வி மேல்தான்.

தாங்குகிற உயிர் நல்ல எச்சரிக்கை மணி ஆகாது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தைக் காட்டிக்கொடுத்த சாட்சிகளில் மரப்பட்டையில் ஒட்டியிருந்த பாசியும் லைக்கனும் உண்டு. அவற்றுக்கு வேர் இல்லை, காற்றில் வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். எடுத்து அளந்தால் தெரிந்துவிடும். பனை அப்படி உடனே காட்டாது. உப்பையும் வறட்சியையும் சமாளித்துப் பழகிய உடம்பு. கிணறு கெட்டு, நெல் கெட்டு, கீரை கெட்டு, எல்லாம் போன பிறகும் பனையும் தென்னையும் பச்சையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிற அதிகாரிக்கு அந்த இடம் சோலையாகத் தெரியும்.

ஆனால் அளந்தால் பனைக் குடும்பமும் பேசும். ரியாத் நகரத்தில் பேரீச்ச மரத்தின் ஓலையை எடுத்துக் காரீயம் முதலான தனிமங்களை அளந்து, காற்று மாசைக் காட்டும் கருவியாக அதைப் பயன்படுத்தலாம் என்று 1995இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் பேரீச்சையை நம் பனை போலவே கொண்டாடுகிறவர்கள்தான். கொண்டாட்டத்தோடு ஓலையை ஆய்வகத்துக்கும் எடுத்துப் போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பனைக்கும் உலோகத்துக்கும் நம் நாட்டில் பழைய உறவும் உண்டு. குருத்தழுகலுக்கும் பாக்குக் காய் அழுகலுக்கும் தெளிக்கிற போர்டோ கலவை செம்புச் சல்பேட்டும் சுண்ணாம்பும்தான். மலநாட்டுப் பாக்குத் தோப்புகளை நூறாண்டாகக் காப்பாற்றிவரும் மருந்து. அதே மருந்து பல பத்தாண்டுகள் தெளித்த தோப்புகளின் மண்ணில் செம்பு சேர்ந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, "உலோகமா, ஐயோ!" என்று அலறுவதும் வேண்டாம், "தாங்கும்" என்று கை கழுவுவதும் வேண்டாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நாம் கேட்க மறுக்கிற ஒரே கேள்வியும் அதுதான்.

4. ஏறிப் பார்த்த கண்கள்

ஒரு காலத்தில் பனையை அளந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கருவி கிடையாது. பனையேறிகள். காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பவர்கள். இந்த மரம் போன வருஷத்தைவிடக் குறைச்சலாகச் சுரக்கிறது, அந்த மரத்தின் பாளை வாடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இதைவிட நுட்பமான கண்காணிப்பு எந்த வாரியத்திடமும் கிடையாது.

1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. பதநீருக்குத் தடையில்லை என்றாலும் அதை மட்டும் நம்பி வாழ முடியாமல் பலர் தொழிலை விட்டார்கள். சாதி இழிவு, விபத்து, வருமானமின்மை, எல்லாம் சேர்ந்து அடுத்த தலைமுறையை இறக்கிவிட்டது. அவர்கள் இறங்கியது சரிதான். யாருடைய பிள்ளையும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாம் நகரத்தில் உட்கார்ந்து ஏங்கக் கூடாது. ஆனால் அவர்களோடு அந்தக் கண்ணும் போயிற்று என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சாலையோரத்தில் நுங்கு சீவிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"எங்கேர்ந்து கொண்டாறீங்க ஐயா?"

"மதுராந்தகத்துக்கு அந்தாண்ட தம்பி."

"இங்க இருக்கிற மரத்துலயே வெட்டலாமே?"

"ஏற ஆள் ஏது? இருக்கிற மரமும் சும்மா நிக்குது."

"நல்லாத்தானே இருக்கு?"

"நிக்குதுன்னு சொன்னேன் தம்பி. நல்லா இருக்குன்னு சொன்னனா?"

நான் படித்த எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் இவ்வளவு துல்லியமான வாக்கியம் இல்லை.

தென்னைக்கு நோய் வந்தால் கதை வேறு. கேரளத்தின் வேர்வாடல் நோயை 1880களிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காகக் காயங்குளத்தில் ஆய்வு நிலையம் வந்தது. மண்ணா, சத்தா, கிருமியா என்று பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு, பைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரில் வந்து நின்றார்கள். இன்றைக்குப் பொள்ளாச்சி வாடும்போது அமைச்சர்கள் ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும். ஆனால் தென்னை ஒருவருடைய சொத்து. ஏரிக்கரைப் பனை யாருடைய சொத்தும் இல்லை. சொத்தாக இல்லாத உயிரின் நோய்க்கு நம் ஊரில் பெயர்கூட வைக்க மாட்டார்கள்.

5. விதை நடும் விழா

இப்போது பனைக்குப் பெரிய மவுசு. வரவேற்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றது. பனை வளர்ப்புக்கு நிதி ஒதுக்கியது. 2023இல் கடலோர மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதை நடும் பெருமுயற்சி நடந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சாக்கு சாக்காக விதை சுமந்ததைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கே நடுகிறோம்? பெரும்பாலும் ஏரிக்கரை, குளக்கரை, சாலையோரம். புறநகரில் ஊரின் கழிவு எல்லாம் வந்து சேர்கிற இடங்களும் இவையேதான். ஏரியைத் தூர்வாரிக் கரையில் போட்ட வண்டல், பல ஆண்டுகளாகச் சாக்கடையில் வந்ததை எல்லாம் சுமந்துகொண்டு வந்த வண்டல். உலோகம் நீரில் மிதந்துகொண்டே இருக்காது, சேற்றில் போய்ப் படியும். அந்தச் சேற்றை அள்ளிக் கரை கட்டி, அதன் மேல் விதை ஊன்றி, செல்ஃபி எடுத்து, "கற்பகத் தரு" என்று தலைப்பு போடுகிறோம். அந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோமா?

பனையின் மிக மெல்லிய பருவம் முளைப் பருவம். தரைக்கு மேல் தண்டு எழவே பல ஆண்டுகள் ஆகும். முளை முதலில் கீழே, மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தக் கீழிறங்கிய முளைதான் பனங்கிழங்கு. பொங்கலுக்கு மஞ்சள் போட்டு அவித்துத் தின்கிறோமே, அது. சுற்றியுள்ள மண்ணோடு தோலோடு தோலாக மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற பொருள். சோதிக்கச் சொன்னால் நான் முதலில் இதைத்தான் எடுப்பேன். அடுத்தது கருப்பட்டி. பத்துப் படிக்கு ஒரு படி என்கிற மாதிரி பதநீரைச் சுண்டக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறோம். பதநீரில் ஏதாவது இருந்தால் கருப்பட்டியில் அது அதே விகிதத்தில் செறியும். இருக்கிறது என்று சொல்லிப் பீதி கிளப்பவில்லை. ஆர்கானிக் கடையில் கிலோ நானூறு ஐந்நூறு கொடுத்து "இயற்கை" என்று வாங்குகிறவர், எந்த மண்ணின் இயற்கை என்று கேட்கும் உரிமை உள்ளவர் என்கிறேன்.

இன்னொரு ரகம் இருக்கிறது. "மரமே மண்ணைச் சுத்தம் பண்ணிடும் பாஸ்" என்பார்கள். சில தாவரங்கள் உலோகத்தை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இழுத்த பிறகு அது எங்கே போகும் என்று யோசித்தீர்களா? ஓலை காய்ந்து விழும். அதை எடுத்து அடுப்பெரிப்போம், போகி கொளுத்துவோம். மட்டை செங்கல் சூளைக்குப் போகும். மண்ணிலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து புகைக்கும் சாம்பலுக்கும், அங்கிருந்து மறுபடியும் மண்ணுக்கு. நம் குற்றத்துக்குக் குப்பை அள்ளும் வேலையையும் பனை தலையிலேயே கட்டுவதற்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைக்காதீர்கள்.

6. பாலாற்றில் நடந்தது

இதெல்லாம் கற்பனைப் பயம் என்பவர்களுக்குப் பாலாற்றைக் காட்டுகிறேன். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பைத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது. தோல் கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். எந்தெந்த மாவட்டங்களில் என்ற பட்டியலில் வட ஆற்காடும் திண்டுக்கல்லும் மட்டும் இல்லை. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருந்தது. அதாவது பல்லாவரமும் குரோம்பேட்டையும் மறைமலை நகரும் அப்போது இருந்த மாவட்டம். நாம் இந்த வழக்கை "வேலூர் வழக்கு" என்று ஞாபகம் வைத்துக்கொண்டு நம் ஊரை அதிலிருந்து கழற்றிவிட்டோம்.

ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ராணிப்பேட்டையில் கிடந்தது ஆறு இணைதிறன். நீரோடு ஓடும், புற்றுநோய் தரும். ஆலை மூடி ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. முதலாளி போய்விட்டார், வேலை போய்விட்டது, உலோகம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. வேலூர்த் தோல் கழிவு விவகாரம் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. முதல் தீர்ப்பிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் நிவாரணத்தையும் மண்ணை மீட்பதையும் பற்றியே பேச வேண்டியிருந்தது.

"வேலையைக் கெடுக்கிறீங்களா?" என்று கேட்பவர்களுக்கு ராணிப்பேட்டைதான் என் பதில். வேலை போவதற்கு மண் பரிசோதனை காரணமாக இருந்ததில்லை. வேலை இருக்கும்போதே அளந்தால் செலவைக் கம்பெனியிடம் கேட்கலாம். போன பிறகு அளந்தால் செலவு நம் வரிப்பணம்.

"பனையைக் கொல்றது ஜே.சி.பி.யும் செங்கல் சூளையும்தானே, நீங்க என்னடான்னா கண்ணுக்குத் தெரியாத உலோகத்தைப் பேசிட்டிருக்கீங்க" என்பது இன்னொரு கேள்வி. நியாயமானது. எண்ணிக்கையில் பார்த்தால் வெட்டுப்பட்ட பனைகள்தான் அதிகம். ஆனால் வெட்டுப்பட்ட பனை கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், புகார் கொடுக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில் இருந்த பனைக்குப் பதில் அங்கே சொகுசு வீடுகள் நிற்பதைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடலாம். வேரில் நடப்பதற்குப் பெருமூச்சு விடவும் ஆள் இல்லை. வெட்டுவதைத் தடுத்துவிட்டு நஞ்சில் நிறுத்திவைத்தால், நாம் காப்பாற்றியது பனையை அல்ல, பனையின் உருவத்தை.

7. ஆட்சியரின் மேஜையில் இரண்டு கோப்புகள்

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இது முதல் கோப்பு. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்று தனி விதிகளை அறிவித்தது. மாசடைந்ததாகச் சந்தேகப்படும் இடங்களைப் பட்டியலிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு. இது இரண்டாவது கோப்பு. இரண்டும் ஒரே மேஜைக்கு வருபவை. 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பனை நட்ட இடங்களில் எவை சந்தேகத்துக்குரிய இடங்கள்?

குடிநீரில் ஒரு லிட்டருக்குக் காரீயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, குரோமியம் 0.05 தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. காற்றில் காரீயம், ஆர்சனிக், நிக்கலுக்கு 2009இலேயே வரம்பு வந்துவிட்டது. அளக்கத் தெரியாத நாடு இல்லை இது. மறைமலை நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பத்து பி.பி.எம். என்ன, பத்து பி.பி.பி.யைக்கூட அளக்கிற கருவிகள் உள்ள ஆய்வகங்கள் சென்னையைச் சுற்றி இருக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானமும் இல்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஏரிக்கரையில் இருபது பனை. சாலையோரத்தில் இருபது பனை. ஒப்பிட்டுப் பார்க்க, தொழிற்சாலை வாசனையே இல்லாத செய்யூர்ப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் இருபது பனை. ஒவ்வொன்றின் தூரிலும் மேல்மண், இரண்டடி ஆழத்து மண். ஒரு இளம் ஓலை, ஒரு முதிர்ந்த ஓலை. ஓலையைக் கழுவியும் கழுவாமலும் அளக்க வேண்டும், அப்போதுதான் காற்றில் வந்து ஒட்டியது எவ்வளவு, வேர் வழியாக வந்தது எவ்வளவு என்று பிரியும். கிழங்கு கிடைத்தால் கிழங்கு, பதநீர் இறக்கும் மரமாக இருந்தால் பதநீர். முடிவை நகராட்சி வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். சுத்தமாக இருக்கிறது என்று வந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னும் ஆயிரம் விதை ஊன்றலாம். இல்லை என்று வந்தால், எந்தக் கரையில் கிழங்கு போடக் கூடாது, எந்த மதகை முதலில் மூட வேண்டும் என்றாவது தெரியும்.

இதைப் படிக்கிற உங்களில் நிறைய பேர் தாம்பரத்தில் ஏறிப் பொத்தேரியிலோ மறைமலை நகரிலோ இறங்குகிறவர்கள். வேதியியல் படிக்கிறவர்கள் இருப்பீர்கள், திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு தேடி இணையத்தில் மேய்ந்துகொண்டிருப்பீர்கள். தலைப்பு ரயில் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. தமிழ் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இனிமேல் பனையைப் பற்றி எழுதும்போது தாய், தெய்வம், தியாகம் என்ற மூன்று சொற்களுக்கும் ஐந்து ஆண்டுகள் விடுமுறை கொடுங்கள். அதற்குப் பதில் அந்த மரத்தின் கொண்டையில் எத்தனை ஓலை இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே மரத்துக்குப் போய் மறுபடியும் எண்ணுங்கள்.

அதுவும் முடியாதவர்கள் ஒரு தகவல் உரிமை மனு போடலாம், கட்டணம் பத்து ரூபாய். கேள்வியை நானே எழுதித் தருகிறேன்: "செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021 முதல் பனை விதைகள் நடப்பட்ட ஏரிக்கரைகள் எவை? அவற்றில் எத்தனை கரைகளின் மண்ணில் காரீயம், காட்மியம், குரோமியம், நிக்கல் அளவு பரிசோதிக்கப்பட்டது? முடிவுகளின் நகல் தருக." பதில் வர முப்பது நாள் அவகாசம். பனை தாங்கும் என்று பதில் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.